ஆர். நடராஜ முதலியார்

ரங்கசாமி நடராஜ முதலியார் (பிறப்பு: 1885, வேலூர்) தென்னிந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் கதைப்படமான கீசக வதம் என்னும் ஊமைப்படத்தைத் தயாரித்து இயக்கியவர். அப்படத்தின் ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் இவரே செய்தார். மிதிவண்டி, தானுந்து உதிரிப்பாகங்கள் ஆகியவற்றின் வணிகத்தில் ஈடுபட்டிருந்த இவர், கையால் சுழற்றி இயக்கப்படும் ஓர் ஒளிப்பதிவுக் கருவியையும் ஒரு படியெடுக்கும் கருவியையும் கொண்டு சென்னையில் திரைப்படத் தயாரிப்பைத் தொடங்கினார். தென்னிந்தியாவின் முதல் திரைப்படத் தயாரிப்பு நிறுவனத்தைத் தோற்றுவித்தவரும் இவரே. இதனால் தமிழ்த் திரைப்படத்தின் தந்தை என இவர் அழைக்கப்படுகிறார். இவர் எடுத்த படங்களுள் எதனுடைய படியும் இன்று கிடைப்பதில்லை.

பின்புலம்

பிரான்சு நாட்டின் லூமியேர் சகோதரர்கள் 1895 ஆம் ஆண்டில் தங்கள் சினிமாட்டோகிராஃப் கருவியைப் பாரிசில் மக்களுக்குக் காட்டினர். படம் பிடித்தல், படியெடுத்தல், திரையில் வீழ்த்துதல் ஆகிய மூன்று பணிகளையும் செய்த அக்கருவியின் காட்சிகள் 1896 சூலை மாதம் பம்பாயின் வாட்சன் விடுதியில் நடைபெற்றன. அடுத்த ஆண்டே சென்னை விக்டோரியா பொது மண்டபத்தில் சலனப்படக் காட்சி நடந்தது.

தென்னிந்தியாவில் முதலில் வளர்ந்தது படம் காட்டும் தொழிலாகும். கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் வாங்கி ஊர் ஊராகச் சென்று காட்டினார். ஒளிப்படக் கலைஞரான ரகுபதி வெங்கையா 1914 ஆம் ஆண்டில் சென்னையில் கெயிட்டி என்னும் திரையரங்கைக் கட்டினார். இவர்கள் காட்டியவற்றுள் பெரும்பாலானவை வெளிநாட்டுப் படங்கள். உள்ளூர்க் கதையை உள்ளூர் நடிகர்களைக் கொண்டு படமாக்கும் கருவிகளோ பயிற்சியோ சென்னையில் அப்போது எளிதில் கிடைக்கவில்லை.

பம்பாய் மாகாணத்தில் தாதாசாகெப் பால்கே 1912 ஆம் ஆண்டில் இலண்டன் சென்று ஒரு வில்லியம்சன் ஒளிப்பதிவுக் கருவியை வாங்கி வந்தார். அவர் எடுத்த ராஜா அரிச்சந்திரா 1913 ஆம் ஆண்டு மே மாதம் பம்பாயில் வெளியானது. பால்கேயின் படங்களைப் பார்த்த நடராஜ முதலியாருக்குத் தாமும் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் தோன்றியது.

இளமையும் வணிகமும்

நடராஜ முதலியார் வேலூரில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். தொழில் செய்யும் நோக்கத்துடன் சென்னைக்கு வந்த இவர், உறவினரான எஸ். எம். தர்மலிங்க முதலியாருடன் சேர்ந்து வாட்சன் அண்டு கம்பெனி என்ற பெயரில் மிதிவண்டி வணிகத்தைத் தொடங்கினார். பின்னர் இருவரும் அமெரிக்கத் தானுந்துகளையும் அவற்றின் உதிரிப்பாகங்களையும் விற்கும் தொழிலுக்கு விரிந்தனர்.

இவ்வணிகம் பிற்காலத்தில் பயன்பட்டது எனலாம். வெளிநாட்டுப் பொருள்களைத் தருவித்தல், பல்சக்கரங்களும் நெம்புகோல்களும் கொண்ட எந்திரங்களைக் கையாளுதல், கூட்டாளிகளிடமிருந்து முதல் திரட்டுதல் ஆகியவை இவருக்குப் பழக்கமானவை. அக்கால ஒளிப்பதிவுக் கருவியும் மின்சாரம் இல்லாமல், பற்சக்கரங்களின் துணையுடன் கைவிசையால் இயங்கிய எந்திரமே ஆகும். எனினும் நாடக மேடை அனுபவமோ எழுத்துப் பயிற்சியோ இவருக்கு இல்லை. அக்குறையை நண்பர்களின் உதவியால் ஈடுசெய்தார்.

ஒளிப்பதிவுப் பயிற்சி

அக்காலத்தில் இந்தியாவில் திரைப்படக் கல்வி நிறுவனம் எதுவும் இல்லை. தொழில் தெரிந்தவரிடம் நேரில் கற்பதே வழியாக இருந்தது. புனே நகரில் பணியாற்றி வந்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்னும் ஆங்கிலேய ஒளிப்பதிவாளரை நடராஜ முதலியார் அணுகினார். கருவியில் படச்சுருளைப் பொருத்துதல், கைப்பிடியைச் சீராகச் சுழற்றுதல் முதலிய அடிப்படைகளை அவரிடம் கற்றுக்கொண்டு சென்னை திரும்பினார்.

வில்லியம்சன் ஒளிப்பதிவுக் கருவி

தஞ்சாவூரைச் சேர்ந்த மூப்பனார் என்னும் நிலக்கிழாரிடம் 35 மி.மீ. வில்லியம்சன் ஒளிப்பதிவுக் கருவி ஒன்றும் படியெடுக்கும் கருவி ஒன்றும் இருந்தன. அவற்றை நடராஜ முதலியார் 1,800 ரூபாய்க்கு வாங்கினார்.

இக்கருவிக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் வில்லியம்சன் இங்கிலாந்தின் ஹோவ் நகரில் மருந்துக்கடை நடத்தியவர். ஒளிப்பட வேதிப்பொருள்களில் தொடங்கிய அவரது ஆர்வம் சலனப்படத்தில் முடிந்தது. 1901 ஆம் ஆண்டில் தீ விபத்து மீட்பைக் கதையாகக் கொண்ட குறும்படம் ஒன்றை எடுத்து அவர் புகழ் பெற்றார். பின்னாளில் படம் எடுப்பதை விட்டுக் கருவிகள் செய்து விற்பதில் ஈடுபட்டார்.

அக்காலக் கைச்சுழற்சிக் கருவிகள் மரப்பெட்டிக்குள் அமைந்தவை. அவை இயங்கும் விதம் வருமாறு:

- பெட்டியின் பக்கவாட்டில் உள்ள கைப்பிடியைச் சுழற்றும்போது, பற்சக்கரங்கள் படச்சுருளை மேல் பேழையிலிருந்து இழுத்துத் தருகின்றன.

- வில்லைக்குப் பின்னால் உள்ள சட்டத்தில் ஒரு கொக்கி, படச்சுருளின் ஓரத்துளைகளில் மாட்டி ஒரு சட்டக அளவு கீழே இழுக்கிறது. பிறகு விலகி மேலே செல்கிறது. அந்த இடைவெளியில் சுருள் அசையாமல் நிற்கிறது.

- சுருள் நிற்கும் நேரத்தில் மட்டும் சுழலும் மூடி திறந்து ஒளியை விடுகிறது. சுருள் நகரும் நேரத்தில் மூடி ஒளியை மறைக்கிறது.

- ஒளி பட்ட பகுதி கீழ்ப்பேழையில் சுற்றிக்கொள்கிறது.

கைப்பிடியை ஒரு முறை சுழற்றினால் எட்டுச் சட்டகங்கள் பதிவாவது வழக்கமான அமைப்பாகும். நொடிக்கு இரண்டு சுழற்சி என்றால் 16 சட்டகங்கள் ஆகும். 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடி நீளத்தில் 16 சட்டகங்கள் அடங்கும். எனவே ஒரு நொடிக்கு ஓர் அடிப் படச்சுருள் செலவானது. கை தளர்ந்து மெதுவாகச் சுழற்றினால் திரையில் நடிகர்கள் விரைந்து ஓடுவது போலத் தோன்றுவர். வேகமாகச் சுழற்றினால் அசைவு மந்தமாகும். அத்துடன் ஒவ்வொரு சட்டகத்திலும் படும் ஒளியின் அளவும் மாறிவிடும். ஆகவே ஒளிப்பதிவாளரின் கையே அக்காலத்தின் வேகக் கட்டுப்பாடாக விளங்கியது.

படியெடுக்கும் கருவியின் பணி வேறு. கழுவி உலர்த்திய எதிர்ப்படச் சுருளையும் ஒளிபடாத புதிய சுருளையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தச் செலுத்தி, விளக்கின் முன் கடக்கச் செய்தால் திரையிடத்தக்க நேர்ப்படம் கிடைக்கும். இவ்விரு கருவிகளும் ஒருவரிடம் இருந்தால் படம் பிடிப்பது முதல் திரையிடும் படி ஆயத்தமாவது வரை வெளியாரை நம்பாமல் செய்ய இயலும்.

இந்தியா பிலிம் கம்பெனி

1917 ஆம் ஆண்டில் வணிக நண்பர்கள் சிலர் முதலீடு செய்ய, நடராஜ முதலியார் இந்தியா பிலிம் கம்பெனி என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னை புரசைவாக்கம் மில்லர்ஸ் சாலையில் இருந்த டவர் ஹவுஸ் என்ற மாளிகை இதன் படப்பிடிப்புத் தளமாயிற்று. இதுவே தென்னிந்தியாவின் முதல் திரைப்படத் தயாரிப்பு நிறுவனமாகக் கருதப்படுகிறது.

அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. படச்சுருள் இந்தியாவில் தயாரிக்கப்படவில்லை. கோடாக் நிறுவனத்தின் பம்பாய்க் கிளையில் பணியாற்றிய கார்ப்பென்டர் என்னும் ஆங்கிலேயரின் உதவியுடன் இலண்டனிலிருந்து படச்சுருள் தருவிக்கப்பட்டது.

கீசக வதம்

கதைத் தேர்வு

படமாக்குவதற்கு ஏற்ற கதையைத் தேடிய நடராஜ முதலியாருக்கு, நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் மகாபாரதத்தின் விராட பருவத்தில் வரும் கீசகன் கதையைப் பரிந்துரைத்தார். பாண்டவர்கள் தலைமறைவாக வாழும் ஆண்டில், விராட நாட்டு அரசியின் பணிப்பெண்ணாக இருக்கும் திரௌபதியை அரசியின் தம்பியும் படைத்தலைவனுமான கீசகன் அடைய முயல்கிறான். சமையற்காரனாக மாறுவேடத்தில் இருக்கும் பீமன் அவனைக் கொல்கிறான்.

முதல் படத்துக்கு இக்கதை தகாது என்று உறவினர் சிலர் எதிர்த்தனர். ஆயினும் தெருக்கூத்திலும் பாரதக் கதைப்பொழிவிலும் மக்கள் பலமுறை கேட்ட கதை என்பதால், பேச்சு இல்லாத படத்திலும் அது புரியும் என்பது இதற்கு இருந்த வலுவான காரணம். வழக்கறிஞரும் நாடக நடிகருமான சி. ரங்கவடிவேலு திரைக்கதை எழுத உதவினார். காட்சி அமைப்புக்கும் உடைக்கும் ராஜா ரவிவர்மாவின் ஓவியங்கள் முன்மாதிரியாகக் கொள்ளப்பட்டன. கீசகனாக ராஜு முதலியாரும் திரௌபதியாக ஜீவரத்தினமும் நடித்தனர். இருவரும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள்.

படப்பிடிப்பு

படப்பிடிப்புத் தளத்தில் மின்விளக்குகள் பயன்படுத்தப்படவில்லை. கூரை இல்லாத அரங்கின் மேல் மெல்லிய வெள்ளைத் துணி விரிக்கப்பட்டது. அதன் வழியே வடிந்து வந்த சூரிய ஒளியே அரங்கின் விளக்காகும். நேரடி வெயிலில் முகத்தில் விழும் கடுமையான நிழல்களை இத்துணி குறைத்தது. மேகம் மறைத்தாலும் மாலை சாய்ந்தாலும் வேலை நின்றுவிடும்.

அக்காலப் படச்சுருள் நீல ஒளிக்கு மிகுதியாகவும் சிவப்பு ஒளிக்கு மிகக் குறைவாகவும் உணர்வுடையது. சிவப்பு நிறம் திரையில் கறுப்பாகத் தெரியும். உடையும் முகப்பூச்சும் இதற்கேற்பத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டியிருந்தன. கழுவிப் பார்க்கும் வரை படம் எப்படிப் பதிவாகியுள்ளது என்று அறியவும் வழியில்லை.

படப்பிடிப்பு ஏறத்தாழ ஐந்து வாரங்களில் முடிந்தது. முழுப்படத்தின் நீளம் சுமார் 6,000 அடி, அதாவது ஏறத்தாழ 96,000 சட்டகங்கள். நொடிக்கு 16 சட்டகங்கள் என்ற வேகத்தில் திரையிட்டால் இது 100 நிமிடங்கள் ஓடும்.

படச்சுருளைக் கழுவுதல்

சென்னையின் வெப்பம் பெரும் தடையாக இருந்தது. படச்சுருளின் மேற்பூச்சு ஊன்பசையால் ஆனது. கழுவும் கரைசல் சூடாக இருந்தால் ஊன்பசை மென்மையாகி, சுருங்கி, சில வேளை அடித்தாளிலிருந்தே கழன்றுவிடும். குளிரூட்டும் வசதி இல்லாத நிலையில் சென்னையில் இப்பணியைச் செய்வது கடினம். எனவே கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ள பெங்களூரில் ஆய்வகம் ஒன்றை நடராஜ முதலியார் அமைத்தார். நாராயணசாமி ஆச்சாரி என்பவர் அதன் பொறுப்பாளராக இருந்தார்.

வாரம் முழுவதும் சென்னையில் எடுக்கப்பட்ட சுருள்களுடன் வார இறுதியில் நடராஜ முதலியார் பெங்களூர் சென்று அவற்றைக் கழுவினார். ஒரு காட்சி கெட்டிருந்தால் அது பெங்களூரில்தான் தெரியவரும். அதை மீண்டும் எடுக்கச் சென்னைக்குத் திரும்ப வேண்டும்.

தலைப்பு அட்டைகள்

ஊமைப்படத்தில் உரையாடலையும் கதைத் தொடர்பையும் தெரிவிக்க எழுத்து அட்டைகள் இடையிடையே சேர்க்கப்பட்டன. கீசக வதத்துக்குத் தமிழ், ஆங்கிலம், இந்தி ஆகிய மூன்று மொழிகளில் அட்டைகள் ஆயத்தமாயின. தமிழ், ஆங்கில அட்டைகளை நடராஜ முதலியார் பம்மல் சம்பந்த முதலியார் முதலிய நண்பர்களின் துணையுடன் எழுதினார். பச்சையப்பன் கல்லூரிப் பேராசிரியரான திருவேங்கட முதலியாரும் இதில் பங்கேற்றார். இந்தி அட்டைகளை மகாத்மா காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி எழுதினார். தேவதாஸ் காந்தி 1918 ஆம் ஆண்டில் இந்தி பரப்புரைக்காகச் சென்னைக்கு வந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. எழுத்தறியாத பார்வையாளர்களுக்காகத் திரையருகே நின்று கதை சொல்லும் விளக்குநர்களை அக்காலத் திரையரங்குகள் அமர்த்தியிருந்தன.

வெளியீடு

கீசக வதம் சென்னை எல்பின்ஸ்டன் திரையரங்கில் வெளியிடப்பட்டது. வெளியான ஆண்டைத் திரைப்பட வரலாற்றாய்வாளர்கள் 1916, 1917, 1918 எனப் பலவாறாகக் குறிக்கின்றனர். படத்தின் செலவு 35,000 ரூபாய். இந்தியாவுடன் பர்மா, இலங்கை, மலாய் நாடுகள், சிங்கப்பூர் ஆகிய இடங்களிலும் திரையிடப்பட்டு 50,000 ரூபாய் ஈட்டியது. தமிழர் குடியேறி வாழ்ந்த கடல் கடந்த நாடுகள் தமிழ்நாட்டுப் படத்துக்குச் சந்தையாவது இப்படத்திலேயே தொடங்கிவிட்டது எனலாம். கிடைத்த 15,000 ரூபாய் இலாபம் அடுத்த படங்களுக்கு ஊக்கம் அளித்தது.

பிற படங்கள்

கீசக வதத்தைத் தொடர்ந்து நடராஜ முதலியார் புராண, இதிகாசக் கதைகளையே படமாக்கினார். அவற்றுள் சில:

- திரௌபதி வஸ்திராபகரணம்
- லவகுசா
- மயில் ராவணன்
- ருக்மணி சத்தியபாமா
- மார்க்கண்டேயா

திரௌபதி வஸ்திராபகரணம் படத்தில் திரௌபதியாக ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருவர் நடித்தார். குடும்பப் பெண்கள் ஒளிப்பதிவுக் கருவியின் முன் நிற்பது இழிவாகக் கருதப்பட்ட காலம் அது. ஊமைப்படத்தில் நடிகரின் தமிழ் உச்சரிப்பு கேட்கப்போவதில்லை. ஆகவே தமிழ் அறியாதவரும் புராணப் பாத்திரங்களை ஏற்க முடிந்தது. இவ்வழக்கம் ஊமைப்படக் காலம் முழுவதும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் நீடித்தது.

இதே காலத்தில் சென்னையில் போட்டியும் உருவானது. ரகுபதி வெங்கையா தம் மகன் ஆர். பிரகாஷை வெளிநாட்டுக்கு அனுப்பித் திரைப்படப் பயிற்சி பெறச் செய்தார். அவர்கள் தொடங்கிய ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட் நிறுவனம் 1921 ஆம் ஆண்டில் பீஷ்ம பிரதிக்ஞை என்னும் படத்தை எடுத்தது.

திரைத்துறையிலிருந்து விலகல்

1923 ஆம் ஆண்டுடன் நடராஜ முதலியாரின் திரைப்படப் பணி முடிவுற்றது. தீ விபத்தும் மகனின் மரணமும் அவரைப் பெரிதும் பாதித்தன. அதன் பிறகு அவர் படம் எதுவும் எடுக்கவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பதுக்கும் குறைவு. திரைத்துறையில் அவர் செயல்பட்ட காலம் ஏறக்குறைய ஆறு ஆண்டுகளே ஆகும்.

அவர் விலகிய எட்டு ஆண்டுகளில், 1931 அக்டோபர் மாதத்தில், முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் வெளியானது. தொடர்ந்து சென்னை இந்தியாவின் முதன்மையான திரைப்பட நகரங்களுள் ஒன்றாக வளர்ந்தது. இவ்வளர்ச்சி அனைத்தையும் காணும் அளவுக்கு நடராஜ முதலியார் நீண்ட நாள் வாழ்ந்தார். எண்பது வயதைக் கடந்த அவர் 1970களின் தொடக்கத்தில் காலமானார்.

படங்களின் அழிவு

நடராஜ முதலியாரின் படங்கள் அழிந்ததற்கு அக்காலப் படச்சுருளின் தன்மை ஒரு காரணமாகும். 1950களின் தொடக்கம் வரை திரைப்படச் சுருளின் அடித்தாளாகச் செல்லுலோசு நைட்ரேட்டு பயன்படுத்தப்பட்டது. வெடிமருந்துக்கு நெருங்கிய உறவுடைய இப்பொருள் எளிதில் தீப்பற்றக் கூடியது. எரிவதற்குத் தேவையான ஆக்சிசனைத் தன்னுள்ளேயே கொண்டிருப்பதால் நீர் ஊற்றினாலும் இத்தீ அணைவதில்லை. தீப்பிடிக்காவிட்டாலும் வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் இது சிதைந்து, ஒட்டிக்கொண்டு, இறுதியில் பொடியாகிவிடும்.

வணிகமும் மற்றொரு காரணமாகும். பேசும்படம் வந்த பிறகு ஊமைப்படங்களுக்கு மதிப்பு இல்லாமல் போயிற்று. பழைய சுருள்களின் மேற்பூச்சில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவும் அவை அழிக்கப்பட்டன. இந்தியத் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964 ஆம் ஆண்டில் புனே நகரில் நிறுவப்பட்டபோது, நடராஜ முதலியார் படம் எடுப்பதை நிறுத்தி நாற்பது ஆண்டுகள் கடந்திருந்தன. இந்தியாவில் எடுக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊமைப்படங்களுள் மிகச் சிலவே, அவற்றிலும் பல துண்டுகளாகவே, காப்பகத்தை அடைந்தன. கீசக வதம் அவற்றுள் இல்லை.

எனவே கீசக வதத்தைப் பற்றி இன்று அறியப்படுபவை அக்கால இதழ்க் குறிப்புகள், உடன் பணியாற்றியோரின் நினைவுகள், பிற்கால ஆய்வாளர்கள் திரட்டிய செய்திகள் ஆகியவற்றிலிருந்து பெறப்பட்டவையே. வெளியீட்டு ஆண்டில் காணப்படும் வேறுபாட்டுக்கும் இதுவே காரணம்.

மதிப்பீடு

நடராஜ முதலியார் புதிய கருவி எதையும் கண்டுபிடித்தவர் அல்லர். குளிர்ந்த நாட்டில் வடிவமைக்கப்பட்ட ஒளிப்பதிவு முறையைச் சென்னையின் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஏற்பப் பயன்படுத்திக் காட்டியது அவரது பங்களிப்பாகும். கண்ணைக் கூசவைக்கும் வெயிலைத் துணியால் வடித்து விளக்காக்கினார். வெப்பம் கெடுத்த வேதிச் செயலைப் பெங்களூருக்கு மாற்றினார். படப்பிடிப்பு, கழுவுதல், படியெடுத்தல், படத்தொகுப்பு ஆகிய அனைத்தையும் ஒரே நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவந்தார்.

படச்செலவான 35,000 ரூபாயில் கருவிகளின் விலை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். எஞ்சிய பெருந்தொகையை முன் அனுபவம் இல்லாத ஒரு தொழிலில் அவரும் அவர் கூட்டாளிகளும் துணிந்து முதலிட்டனர். தென்னிந்தியாவில் படம் எடுத்து விற்று இலாபம் ஈட்ட முடியும் என்பதைக் கீசக வதம் மெய்ப்பித்தது. அடுத்த சில ஆண்டுகளில் பிறரும் இத்தொழிலுக்குள் நுழைந்தனர்.